அணிதிரண்டு வாரீர்!

எனக்குத் தமிழ் எழுதத் தெரியும் என்று நான் யாருக்கும் பொய் சொன்னதில்லை. தெரியாது என்று சொல்லாமல் இருந்தேன், அவ்வளவுதான். அப்படி வாயை மூடிக்கொண்டிருந்தே ஐந்து பஸ் நிறையச் சனத்தை ஏமாற்றினேன் என்பதை ஒப்புக்கொள்வதில் இப்போது எனக்கு வெட்கமில்லை. (கொஞ்சம் இருக்கிறது.)

இலங்கையில் போர் முடிந்த அந்தக் கோடையில் எனக்கு இருபத்திமூன்று வயது. ரொறன்ரோவில் ஒரு ஃபுட்போல் அணியின் ரிக்கெட் விற்கும் பிரிவில் மூன்று மாத ஒப்பந்த வேலை. ஃபுட்போல் என்றதும் எங்கள் ஊர் உதைபந்தாட்டத்தை நினைக்கவேண்டாம். இது கனடியர்களின் ஆட்டம். தலைக்கவசம் போட்ட தடித்த ஆண்கள் முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். மற்றவர்கள் அவர்களை விழுத்துவார்கள். எங்கள் அணியும் குறை சொல்ல முடியாதபடி விழுத்தியது. பார்க்கத்தான் ஆளில்லை. மைதானமோ மகா பெரியது. ரீவியில் ஆட்டத்தைவிட வெறுங் கதிரைகள்தான் அதிகம் தெரிந்தன.

என் மேலாளர் பிரையன் ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னான். "ஸ்காபரோவில் உங்கள் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். சனிக்கிழமை மட்சுக்கு கமராவுக்கு நேரே உள்ள பகுதியை நிரப்பிக் காட்டு. முதல் தடவை ரிக்கெட்டும் பஸ்ஸும் இலவசம். ருசி பிடித்துவிட்டால் பிறகு வாங்குவார்கள். நிரப்பினாயென்றால் வேலை நிரந்தரம்."

அந்த வேலை எனக்குக் கட்டாயம் வேண்டியிருந்தது. வைகாசியிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. போர் நடந்த வன்னியிலிருந்த மாமாவிடமிருந்து எந்தச் செய்தியும் இல்லை. அம்மா சமைப்பார், பிறகு வந்து தொலைபேசிக்குப் பக்கத்தில் இருப்பார். ஒரேயொரு நல்ல செய்தியாவது அவருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும் என்று நான் துடித்துக்கொண்டிருந்தேன்.

பிரையன் தந்த ஆங்கில வாசகங்கள் சாதாரணமானவை. எங்கள் பையன்களுக்கு உங்கள் ஆதரவு தேவை, குடும்பத்தோடு வாருங்கள், சத்தம் போடுங்கள். இதைத் தமிழாக்க வேண்டும். என் தமிழ் சனிக்கிழமை வகுப்பில் ஆறாம் வகுப்போடு நின்றுபோனது. அதற்குப் பிறகு நான் வாசித்த தமிழெல்லாம் அந்த வசந்தகாலத்தில் போரை நிறுத்தச் சொல்லும் ஊர்வலங்களுக்காகக் கடைக் கதவுகளில் ஒட்டியிருந்த நோட்டீஸ்கள்தான். ஆகவே இப்படி எழுதினேன்:

"பேரன்புமிக்க உறவுகளே! எங்கள் பிள்ளைகளுக்கு எங்கள் ஆதரவு தேவைப்படும் நேரம் இது! குடும்பம் குடும்பமாக அணிதிரண்டு வாரீர்! எங்கள் குரல் ஓங்கி ஒலிக்கட்டும்! சனிக்கிழமை மத்தியானம் மைதானத்தில். பஸ் வசதி உண்டு."

ஃபுட்போலுக்குத் தமிழ்ச் சொல் என்ன என்பதில்தான் சிக்கல். காலே அதிகம் படாத ஆட்டத்தை உதைபந்தாட்டம் என்று எழுத என் மனச்சாட்சி இடந்தரவில்லை. அதனால் அந்தச் சொல்லையே விட்டுவிட்டேன். மூலையில் அணியின் சின்னம் இருக்கிறது, விளங்காதா என்ன? (சின்னம் தபால் முத்திரை அளவு.)

கடைகளில் ஒட்டிய மறுநாளே பரமேஸ்வரன் அங்கிள் போன் எடுத்தார். மோர்னிங்சைட் முதியோர் சங்கத் தலைவர். அந்த வசந்தம் முழுக்க ஊர்வலங்களுக்கு ஆட்களை ஏற்றி இறக்கியவர்.

"பிள்ளை, நோட்டீஸ் பாத்தனான். சனம் சோர்ந்துபோய்த்தான் கிடக்குது. எண்டாலும் ஒரு பிள்ளை கூப்பிடேக்கை வராமல் விடுவமே? அஞ்சு பஸ் அனுப்பு."

ஐந்து பஸ்! சந்தைப்படுத்தலில் நான் ஒரு மேதை என்று முடிவுகட்டினேன்.

சனிக்கிழமை மத்தியானம் மஞ்சள் பஸ்கள் வந்து நின்றன. வாசலில் நீலத் தொப்பிகளோடு காத்திருந்தேன். முதலில் இறங்கிய அன்ரி கறுப்புச் சீலை. அடுத்தவர் கறுப்புச் சட்டை. பிறகு இறங்கியவர்கள் எல்லாருமே கறுப்பு. கைகளில் சுலோக மட்டைகள். ஒன்றில் பெரிய எழுத்தில் இருந்தது: "ஏன் எங்களை ஒருவரும் திரும்பிப் பார்க்கிறீர்கள் இல்லை?" எங்கள் அணி தன் வாசலில் எழுதி மாட்டவேண்டிய வாசகம் அது.

"தடியோடை உள்ளுக்கு விடமாட்டாங்கள் எண்டு தெரியும்" என்றார் அங்கிள். "அதுதான் வெறும் மட்டையாக் கொண்டந்தனாங்கள்."

கடைசி பஸ்ஸிலிருந்து அம்மா இறங்கினார். "உன்ரை கொம்பனி எங்களுக்கு இடம் தந்ததெண்டு எல்லாருக்கும் சொன்னனான்" என்று என் கன்னத்தைத் தடவினார். சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கணமே சொல்லியிருக்க வேண்டும். நான் தொப்பிகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு வழிகாட்டினேன்.

அவ்வளவு ஒழுங்காக வந்து அமர்ந்த கூட்டத்தை அந்த மைதானம் கண்டதில்லை. எங்கள் பகுதியில் ஒரு கதிரை மிச்சமில்லை.

"ஆர் பிள்ளை பேசுறது? மந்திரி ஆரும் வருகினமோ?" என்று அங்கிள் கேட்டார்.

நான் பதில் சொல்லுமுன் வீரர்கள் நுழையும் வாசலில் புகை கிளம்பியது. அதற்குள்ளிருந்து தலைக்கவசங்களோடு ஒரு படை ஓடிவந்தது.

"ஐயோ, பொலிஸ்!" என்று ஓர் அன்ரி அலறினார்.

"ஒருத்தரும் எழும்பாதேங்கோ" என்றார் அங்கிள் அமைதியாக. "அடிச்சாலும் இருந்த இடத்திலை இருங்கோ."

நல்லவேளை தேசியகீதம் வந்தது. எல்லாரும் எழுந்தோம். கீதம் முடிந்ததும் மைதானம் அமர்ந்தது. எங்கள் பகுதி அமரவில்லை. எந்தக் கூட்டமும் மௌன அஞ்சலியான அகவணக்கத்தோடுதான் தொடங்கும் என்பது எங்களவர் பழக்கம். அவ்வளவு பேரும் தலை குனிந்து நின்றார்கள். பந்து பறந்துகொண்டிருந்தது, ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. கமரா எங்களைப் பிடித்துப் பெருந்திரையில் போட்டது. பக்கத்துப் பகுதியிலிருந்த வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து தொப்பியைக் கழற்றினார்கள்.

பிரையன் படிகளில் ஓடிவந்தான். "என்ன நடக்கிறது?"

"செத்தவர்களுக்காக" என்றேன். அவனும் தொப்பியைக் கழற்றினான்.

எல்லாரும் அமர்ந்ததும் அங்கிள் பக்கம் போனேன். வெட்கத்தில் அழுகை முட்டியது.

"அங்கிள், இண்டைக்கு ஒருத்தரும் பேச வரேல்லை. இது விளையாட்டு."

"விளையாட்டோ?"

"ஓம்."

"எங்கடை பிள்ளையள் எண்டெல்லோ எழுதியிருந்தாய்?"

நான் மைதானத்தைக் காட்டினேன். "அவையள்தான் அங்கிள்."

எங்கள் பிள்ளை ஒருவன் அப்போதுதான் குப்புற விழுந்து, முதுகில் நான்கு பேரோடு கிடந்தான். அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது.

"உந்தப் பெரிய உடம்பைப் பாத்தால் எங்கடை பிள்ளை மாதிரித் தெரியேல்லையே" என்றது ஒரு குரல். அம்மா.

சொன்னவர் சிரிக்கத் தொடங்கினார். கறுப்புச் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், இடையில் அழுதார், திரும்பவும் சிரித்தார். அது வரிசை வரிசையாகத் தொற்றியது. "வந்தது வந்திட்டம்" என்றார் அங்கிள். "இருந்து பாத்திட்டுப் போவம்." அம்மாவின் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானும் அழுதுகொண்டே சிரித்தேன்.

வேலை போய்விட்டது. "இவர்கள் அடுத்த மட்சுக்கு வருவார்களா?" என்று பிரையன் கேட்டான். பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. மூன்று மாதத்தோடு கைகுலுக்கி அனுப்பிவிட்டான்.

ஆவணியில் அகதி முகாமிலிருந்து தொலைபேசியில் மாமாவின் குரல் வந்தது. இருவரும் அழுது முடித்த பிறகு அம்மா அவருக்குச் சொன்ன முதல் கதை இதுதான். கம்பிவேலிக்குப் பின்னால் நின்று மாமா விழுந்து விழுந்து சிரித்தாராம்.

நான்கு வருடம் கழித்து எனக்குக் கலியாணம். அழைப்பிதழை நானே எழுதுவேன் என்று அடம்பிடித்தேன். அம்மா மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டுபோய் அச்சகத்தில் கொடுத்தார். அச்சாகி வந்ததைப் பார்த்தால், மண்டப முகவரிக்குக் கீழே நான் எழுதாத ஒரு வரி இருந்தது:

"குறிப்பு: இது கலியாணந்தான். கலர் உடுத்து வரவும்."