பதினான்கு பூதக் குரங்குகளைப் பிடித்தவள்

நான் பதினான்கு பூதக் குரங்குகளை உயிரோடு பிடித்தவள். இதைத் தற்பெருமை என்பவர்கள் முதலில் ஒன்றையாவது பிடித்துவிட்டு வரட்டும்.

பிடித்தது கம்ப்யூட்டர் விளையாட்டில்தான். (அதனால் என்ன?) இரண்டாயிரங்களின் பிற்பகுதியில், பொத்தேரியில் நான் இன்ஜினியரிங் படித்தபோது ஹாஸ்டல் தோழி ஒருத்தி பென் டிரைவில் போட்டுக் கொடுத்தாள். மலையைக் குடைந்து குள்ளர்களுக்குக் கோட்டை கட்டித் தர வேண்டும். படமெல்லாம் கிடையாது, சுவர், குள்ளர், குரங்கு எல்லாமே திரையில் வெறும் எழுத்துகள். கோட்டை கொஞ்சம் செழித்ததும் காட்டிலிருந்து பூதக் குரங்குகள் கூட்டமாக வரும். சண்டைக்கு வராது. கண்ணில் பட்டதைத் தூக்கிக்கொண்டு ஓடும். என் முதல் கோட்டையில் ராஜாவின் நாற்காலியையே கொண்டுபோய்விட்டன. பாவம், அந்த மனுஷன் கடைசிவரை நின்றுகொண்டேதான் சாப்பிட்டார்.

அந்த அவமானத்தில் பிறந்ததுதான் என் ஒற்றை வாசல் திட்டம். எல்லா வழிகளையும் அடைத்துவிட்டு ஒன்றை மட்டும் திறந்து வைப்பது. உள்ளே தீனி. குரங்கு நுழைந்ததும் கதவு சாத்திக்கொள்ளும். பதினான்கு விழுந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பேராசிரியர் பெயர் வைத்துக் கூண்டுகளில் வரிசையாக நிறுத்தினேன்.

அப்போதுதான் அக்காவுக்கு ஏழாம் மாதம், வளைகாப்பு. கடலோரத்தில் அப்பாவின் ஆபீஸ் குவார்ட்டர்ஸ்தான் அவள் பிறந்து வளர்ந்த வீடு. வளைகாப்பு அங்கேயே நடக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரே ஆசை. ஆனால் குவார்ட்டர்ஸ் முழுக்கக் குரங்கு. (இவை நிஜக் குரங்குகள்.) பக்கத்து வீட்டு நிச்சயதார்த்தத்தில் தாம்பூலத் தட்டையே தூக்கிக்கொண்டு போயிருந்தன. கருங்குழியிலிருந்து அக்காவின் மாமியார், மண்டபத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினார். அம்மாவும் சரி என்றுவிட்டாள். அக்கா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தாங்கவில்லை.

"குரங்கை நான் பாத்துக்கறேன். வளைகாப்பு இங்கதான்" என்றேன்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன்ன நம்பித்தான்டி இருக்கேன்."

வேலையில் இறங்கினேன். ஜன்னல்கள், கதவுகள் எல்லாவற்றையும் அடைத்தேன். பின்பக்கம் தனியாக இருந்த ஸ்டோர் ரூமை மட்டும் திறந்து வைத்து, உள்ளே ஒரு சீப்பு வாழைப்பழம் தொங்கவிட்டேன். கதவில் ஒரு கயிறு கட்டி அதன் நுனியை வீட்டுக்குள் கொண்டுவந்தேன். இழுத்தால் கதவு மூடும். வெளியே ஒரு கட்டை தானாக விழுந்து இறுகிக்கொள்ளும்.

எங்களுக்கு மீன் கொண்டுவரும் குப்பத்துக் கன்னியம்மா அக்கா கூடையை இறக்கிவிட்டு வேடிக்கை பார்த்தார்.

"இன்னா பொண்ணு பண்ணிக்கினு கீற?"

விளக்கினேன். பதினான்கு பூதக் குரங்குகளையும் விடாமல் சொன்னேன். அவர் அண்ணாந்து, சமையலறைச் சுவரின் உச்சியில் இருந்த பழைய புகைபோக்கித் துளையைப் பார்த்தார்.

"அந்த ஓட்டைய வுட்டுட்டியே. கொரங்கு இன்னா, கதவத் தட்டிக்கினா வரும்?"

"அக்கா, குரங்கப் பத்தி எனக்கே சொல்றீங்களா?" என்றேன்.

(இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த விளையாட்டில் அப்போது எந்தக் குரங்குக்கும் ஏறத் தெரியாது. சுவர் வைத்தால் சுற்றிக்கொண்டுதான் வரும். இரண்டு வருடம் அதிலேயே கிடந்ததில், குரங்கு ஏறும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.)

வளைகாப்பு அன்று காலை கூடம் நிறையப் பெண்கள். அக்கா மணையில் உட்கார்ந்திருந்தாள். அம்மா சமைத்த ஐந்து வகைச் சாதமும் சமையலறையில் மூடி வைக்கப்பட்டிருந்தன. மாமியார் மட்டும்தான் பாக்கி. நான் பின்கதவுக்குப் பின்னால், கயிறும் கையுமாக. ஸ்டோர் ரூமில் வாழைப்பழம் பிய்க்கும் சத்தம் கேட்டது. இழுத்தேன். டமார்!

"மாட்டிக்கிச்சு!" என்று கூடத்துக்கு ஓடி வந்து கத்தினேன். எல்லாரும் கைதட்டினார்கள். அதுதான் என் வாழ்க்கையின் உச்சம். அரை நிமிடம் நீடித்தது.

"யாருடி அது கதவ சாத்துனது?" என்று ஸ்டோர் ரூமுக்குள்ளிருந்து ஒரு குரல். அக்காவின் மாமியார்.

அவர் வந்த வேன் பின்வாசலில் நின்றிருக்கிறது. சர்க்கரை உள்ளவர், வெயிலில் தலை சுற்ற, வாழைப்பழத்தைப் பார்த்ததும் உள்ளே நுழைந்திருக்கிறார். எல்லாரும் பின்பக்கம் ஓடினோம். கட்டை அசையவில்லை. விளையாட்டில் பிடித்த குரங்கை நான் ஒருநாளும் வெளியே விட்டதில்லை. அதனால் மூடுவதற்குத்தான் யோசித்திருந்தேனே தவிர, திறப்பதற்கு யோசிக்கவில்லை. அப்பா சுத்தியலோடு வந்தார்.

அதற்குள் சமையலறையில் பாத்திரம் உருண்டது. புகைபோக்கி வழியாக ஒரு குடும்பமே இறங்கி, எலுமிச்சை சாதத்தில் தொடங்கித் தேங்காய் சாதம்வரை முடித்திருந்தது. தயிர் சாதத்தை மட்டும் தொடவில்லை.

ஸ்டோர் ரூம் கதவு திறந்தது. மாமியார் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். எதிரே, வென்டிலேட்டர் வழியாக வந்த ஒரு தாட்டியான குரங்கு. அவர் பழத்தை உரித்து உரித்துக் கொடுக்க, அது பவ்யமாக வாங்கித் தின்றுகொண்டிருந்தது. (ஆக, என் பொறியில் குரங்கு இருந்தது. இதை யாரும் குறிப்பிடுவதில்லை.)

அக்கா என்னை நம்பிக் கேட்டது இந்த ஒன்றைத்தான்.

மாமியார் புடவையை உதறிக்கொண்டு எழுந்தார். கட்டையை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார்.

"இத யாரு செஞ்சது?"

"நான்தான் அத்தை."

"எங்க வூட்டு மாட்டுக் கொட்டாய்க்கும் இதே மாரி ஒண்ணு போட்டுக் குடு. அங்க ஒரு தாழ்ப்பாளும் நிக்க மாட்டுது."

பிறகு நேராகக் கூடத்துக்குப் போய் அக்காவுக்கு முதல் வளையலைப் போட்டார். முதல் வாய் தயிர் சாதத்தையும் அவரே ஊட்டினார். அக்கா சிரித்த சிரிப்பில் கை வளையல்கள் அத்தனையும் குலுங்கின. அந்த வீட்டில்தான், அவள் ஆசைப்பட்ட மாதிரியேதான் நடந்தது.

சில வருடங்களில் அந்த விளையாட்டிலும் பிராணிகள் சுவர் ஏறத் தொடங்கின. கன்னியம்மா அக்காவிடம் யாரோ கேட்டிருக்க வேண்டும்.

இன்றும் எங்கள் குடும்பத்தில் எங்கே கதவு அடித்துச் சாத்தினாலும், "மாட்டிக்கிச்சு!" என்று யாராவது கத்துவார்கள். அதிகமாகக் கத்துவது அக்கா மகள்தான். கத்தட்டும். கருங்குழி மாட்டுக் கொட்டகையில் என் கட்டை இன்னும் நிற்கிறது. அங்கே போகும்போதெல்லாம் ஒருமுறை ஆட்டிப் பார்ப்பேன். அசையாது.