செத்தவன் ஏன் சிரிக்கிறான்?

சகாதேவன் சுக்குக் காப்பியைக் குடிக்காமல் பேசிக்கொண்டே இருந்தான். டம்ளரில் வினோதினி பொடியைக் கலந்து பத்து நிமிஷம் ஆகியிருந்தது.

"ஆறிப்போவுதுங்க," என்றாள்.

"ஆறட்டும். நீங்க வந்து மூணு வாரம் ஆவுது. ஒரு நாளும் நல்லா சாப்ட்டு நான் பாக்கல. மத்தியானம் வெண்டைக்கா மோர்க்குழம்பு வெக்கச் சொல்லட்டுமா? உங்களுக்குப் புடிக்குமே."

அண்ணாமலையில், செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி, ஆறு மேஜை போட்ட சின்ன ஓட்டல் அவனுடையது. சமையல் அவன் அக்கா சந்திரம்மாள். மாடி அறையில் வினோதினி வாடகைக்கு இருந்தாள். யோகா டீச்சர் என்று சொல்லியிருந்தாள். உண்மையில் அவனைக் கொல்லச் சென்னையிலிருந்து வந்தவள். ஏஜென்ட் அருண்பிரசாத் ஒரு போட்டோவையும் அந்தப் பொடியையும் கொடுத்துச் சொன்னது இவ்வளவுதான்: "பழைய பேரு வல்லரசு. ஒரு ரௌடிக்குக் கார் ஓட்டிட்டு, அவனுக்கு எதிராவே கோர்ட்ல சாட்சி சொல்லிட்டு ஓடினவன்."

வெண்டைக்காய் பிடிக்கும் என்று அவள் எப்போதோ ஒருமுறை சொன்னதுதான். அம்மா போன பிறகு அதை ஞாபகம் வைத்துக்கொண்ட முதல் ஆள் இவன்.

அவன் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனான். அவள் எட்டித் தட்டிவிட்டாள்.

"எறும்பு," என்றாள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தன் ஓட்டலில் எறும்பு என்றதும் சகாதேவனுக்கு அவமானமாகிவிட்டது. கடையை மூடி, மேஜை நாற்காலியெல்லாம் தெருவில் இழுத்துப் போட்டு, இரண்டு நாள் கழுவினான். ஈரத்தில் வழுக்கி விழுந்து இடுப்பும் பிடித்துக்கொண்டது.

"மாடியிலயே டீச்சரம்மா இருக்கும்போது டாக்டர் எதுக்கு?" என்றாள் சந்திரம்மாள்.

வினோதினிக்கு யோகாவில் தெரிந்தது ஒன்றே ஒன்று, பிணம் மாதிரி அசையாமல் படுக்கிற சவாசனம். ஒரு வாரம் தினமும் காலையில் அவனை மொட்டைமாடியில் படுக்க வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து மலையைப் பார்த்தாள். பிறகு மலையை விட்டுவிட்டு அவனையே பார்த்தாள். அவனுக்கு இடுப்பு வலி போயிற்று. அவளுக்குத் தூக்கம் போயிற்று.

அருண்பிரசாத் போன் செய்தார். "ஒரு மாசம் ஆவுதேம்மா."

"முடிஞ்சிடுச்சுங்க." யோசிப்பதற்குள் வாயில் வந்துவிட்டது.

"அப்ப போட்டோ அனுப்பு."

மறுநாள் சவாசனத்தின்போது, "கண்ணத் தொறக்காதீங்க, மூச்ச மெதுவா விடுங்க," என்று சொல்லிவிட்டுப் படம் எடுத்து அனுப்பினாள். அரை மணி நேரத்தில் போன் அடித்தது.

"செத்தவன் ஏம்மா சிரிக்கிறான்?"

"அண்ணாமலையில உயிர் போனா அப்பிடித்தாங்க. நெனச்சாலே முக்தி கெடைக்கிற ஊரு."

"சரி. வெள்ளிக்கிழமை நானே நேர்ல வந்து பாக்கறேன்."

வியாழக்கிழமை மத்தியானம் அவள் கீழே இறங்கி வந்து, "வண்டிய எடுங்க. பேசணும்," என்றாள். அவன் ஏன் என்று கேட்கவில்லை. சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டு வந்தான்.

மலைக்குப் பின்பக்கம், அடி அண்ணாமலையில் ஒரு புங்கமரத்தடியில் வண்டியை நிறுத்தினான். அவள் வாயைத் திறப்பதற்குள் அவனே ஆரம்பித்தான்.

"மொதல்ல நான் ஒண்ணு சொல்லிடறேங்க. என் பேரு சகாதேவன் இல்ல."

"தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

"உங்களக் கொல்ல வந்தவ நான். பேரு கூடத் தெரியாமயா வருவேன்?"

அவன் மரத்தடியில் ஊர்ந்த எறும்புகளைக் குனிந்து பார்த்தான்.

"அப்ப அந்த எறும்பு?"

"எறும்பே இல்ல."

"ரெண்டு நாள் கழுவினேங்க," என்றான் வருத்தமாக.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவன் கைக்குட்டையைக் கொடுத்தான்.

"இதுவரைக்கும் எத்தன பேருங்க?"

"ஒருத்தரும் இல்ல. மூணு வேலைக்குப் போனேன். ஒருத்தர் பொஞ்சாதி மாசமா இருந்தாங்க, திரும்பிட்டேன். இன்னொருத்தர் என்னப் பாத்ததும் நெஞ்சப் புடிச்சிக்கிட்டாரு, நானே ஆட்டோ வெச்சி ஆஸ்பத்திரில சேத்தேன். மூணாவது ஆளு இப்பவும் தீபாவளிக்குப் போன் பண்ணுவாரு." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு ஏஜென்ட் வர்றாரு. அவரு என்னய மாதிரி இல்ல. இப்பவே எங்கயாவது போயிடலாம்."

"ஒரு தடவ ஓடிப் பாத்துட்டேங்க. எட்டு வருஷமா, கடைக்கு யாரு வந்தாலும் மொகத்தப் பாக்க மாட்டேன். கையிலதான் என்னா வெச்சிருக்காங்கன்னு பாப்பேன். உங்க ஒருத்தர் மொகத்ததான் பாத்தேன்." சொல்லிவிட்டு அவனே கூசிப்போய் வேறு பக்கம் திரும்பினான். "நான் இங்கயே இருக்கறேன். நீங்க கெளம்புங்க."

"நான் எங்க போவேன்?" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஓட்டல் வாசலில் வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. வினோதினி சமையற்கட்டிலிருந்து தேங்காய் உடைக்கிற அரிவாளை எடுத்துக்கொண்டு வாசலை மறித்து நின்றாள். சகாதேவன் அவளுக்கு முன்னால் போய் நிற்கப் பார்த்தான். அவள் அவனை முழங்கையால் பின்னுக்குத் தள்ளினாள்.

அருண்பிரசாத் காரிலிருந்து இறங்கினார். பட்டு வேட்டி கட்டியிருந்தார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி இறங்கினாள். கையில் தாம்பாளம். அதில் வெற்றிலை பாக்கு, பழம், இரண்டு முழம் மல்லிகைப்பூ.

வினோதினிக்கு அரிவாளை ஓங்குவதா, இறக்குவதா என்று தெரியவில்லை.

"வாங்கண்ணா, வாங்க அண்ணி," என்று ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே உள்ளேயிருந்து வந்தாள் சந்திரம்மாள். தாம்பாளத்தை வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டு வினோதினி பக்கம் திரும்பினாள்.

"அரிவாளக் கீழ வையும்மா. நீ யாரையும் கொல்லமாட்டேன்னு அண்ணனுக்குத் தெரியும், அவரு குடுத்த பொடியும் வெறும் திருநீறுதான். இவன் பழைய கதை தெரிஞ்சா ஒரு பொண்ணும் நிக்கமாட்டேங்குது, அதான் எல்லாம் தெரிஞ்சே வர்ற பொண்ணா ஒண்ணு அனுப்புங்கன்னு அண்ணன்கிட்ட நான்தான் சொல்லி வெச்சேன்."