ஐந்தாவது கம்ப்யூட்டரும் பஷீர் மாமுவும்

ஒரு வேலையை நான்கு முறை சரியாகச் செய்து முடித்தவனிடம் ஐந்தாவது முறை அதைக் கொடுக்கக் கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன். அந்த அனுபவத்துக்குப் பலியானது என் அக்காவின் கல்யாணம். (நின்றுவிடவில்லை, பயப்படாதீர்கள். ஜாம்ஜாமென்று நடந்து முடிந்த பிறகுதான் நான் அதை அழித்தேன்.)

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. செங்கல்பட்டில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை. பிரிண்டருக்குள் சிக்கிய காகிதத்தைக் கிழியாமல் உருவுவதுதான் என் பிரதானத் தொழில். வீட்டில் மட்டும் ‘நெட்வொர்க் இன்ஜினியர்’ என்று சொல்லி வைத்திருந்தேன். அம்மா அதை நம்பினார். நசீமா அக்காவின் கல்யாணத்தைப் படம் பிடிக்க வந்த மாமல்லபுரம் ஸ்டூடியோக்காரர் பிரகாசம் அண்ணனிடம், “எங்க ரியாஸு கம்ப்யூட்டர்ல பெரிய ஆளு. எதுனா வேணும்னா அவனக் கூப்டுங்க” என்று சொல்லிவிட்டார். அவரும் ஒரே வாரத்தில் கூப்பிட்டுவிட்டார்.

அந்த ஸ்டூடியோவில் ஆறு கம்ப்யூட்டர்கள். கல்யாண வீடியோக்களை ஹார்டு டிஸ்க்கில் போட்டு, பந்தியில் சாம்பார் வாளி கைமாறுவதுபோல் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதற்கு முடிவு கட்ட, பிரகாசம் அண்ணன் பெரிய பொதுச் சேமிப்புப் பெட்டி ஒன்றை வாங்கினார். ஆறு கம்ப்யூட்டர்களும் தனி கேபிள் வழியாக அதோடு சேர்ந்துகொண்டால், ஒவ்வொன்றும் அதைத் தன் சொந்த டிஸ்க்கைப் போலவே பார்க்கும். ஸ்டோரேஜ் ஏரியா நெட்வொர்க் என்று பெயர், சுருக்கமாக ‘சேன்’. விற்ற கம்பெனி ஆட்கள் ஒரு கம்ப்யூட்டரை மட்டும் இணைத்துக் காட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு வாரமாக முரளி என்ற எடிட்டர் அதில் வேலை பார்த்துவந்தார். மற்ற ஐந்தையும் சேர்க்கும் பொறுப்பு ‘பெரிய ஆளு’க்கு வந்தது.

திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்து, காலை ஒன்பது மணிக்குப் போய் இறங்கினேன். கழுத்தில் அடையாள அட்டை வேறு. (கேட்க ஆளில்லாத இடத்துக்கு எதற்கு அட்டை என்று இப்போது தோன்றுகிறது.) தலைமை எடிட்டர் ஸ்டெல்லா அக்கா, சதுரங்கப்பட்டினத்துக்காரர். அவர் அந்தப் பெட்டியோடு வந்த கையேட்டைப் பக்கம் பக்கமாகப் படித்து, பென்சிலில் கோடு போட்டு வைத்திருந்தார். நான் அதன் மேலட்டையைக்கூடத் திறந்து பார்க்கவில்லை.

“தம்பி, வரிசை மாறக்கூடாதாம்ப்பா. மொதல்ல சாஃப்ட்வேர். அப்புறம் இந்த மிஷின் பேர அந்தப் பெட்டியில பதியணும். கடைசியாத்தான் கேபிள்” என்றார்.

“தெரியும்க்கா” என்றேன். தெரியாது.

காரணத்தையும் அவரே சொன்னார். மென்பொருள் இல்லாத கம்ப்யூட்டருக்கு அந்தப் பெட்டியில் இருப்பது எதுவும் புரியாது. அதை வெற்று டிஸ்க் என்று நினைத்து, ‘பயன்படுத்தத் தயார் செய்யட்டுமா?’ என்று பணிவாகக் கேட்கும். தயார் செய்வது என்றால் துடைத்துவிடுவது.

அக்கா ஒவ்வொரு படியாகப் படிக்க, நான் செய்ய, மதியத்துக்குள் நான்கு கம்ப்யூட்டர்கள் சேர்ந்துவிட்டன. எனக்குத் தலைகால் புரியவில்லை. “இனிமே பழைய டிஸ்க்கெல்லாம் எதுக்குக்கா? எல்லாத்தையும் அழிச்சிடுங்க” என்று ஆலோசனை வேறு சொன்னேன். அக்கா சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டார்.

“நான் சாப்ட்டு வந்ததும் அஞ்சாவத பாத்துக்கலாம். அதுவரைக்கும் சும்மா குந்திகினு இரு.”

இந்த உலகத்தில் எனக்குச் சொல்லப்பட்ட மிகச் சுலபமான வேலை அது. அதைக்கூடச் செய்ய முடியவில்லை. அவர் திரும்பி வரும்போது முடித்துக் காட்டி அசத்தலாம் என்று, நேரம் மிச்சப்படுத்த, கேபிளை முதலில் சொருகினேன். திரையில் ஒரு கேள்வி வந்தது. அதைப் படித்திருக்கலாம். ‘சரி’ என்றேன். இன்னொரு கேள்வி வந்தது. அதற்கும் ‘சரி’.

அடுத்த அறையிலிருந்து முரளியின் குரல் கேட்டது. “அண்ணாத்த, இன்னா பண்ண? என் ஸ்கிரீன்ல எல்லாம் செவப்பா கீது! ஒரு கல்யாணத்தையும் காணோம்!”

நாலு கல்யாணம், ஒரு காதுகுத்து. அந்த நாலில் ஒன்று நசீமா அக்காவுடையது.

ஸ்டெல்லா அக்கா வந்தபோது நான் அவர் சொன்னபடியே சும்மா உட்கார்ந்திருந்தேன். திரையைப் பார்த்தார். “கேபிள முன்னாடி சொருகினியா?” தலையாட்டினேன். அதற்குள் பிரகாசம் அண்ணன் மூச்சிரைக்க வந்துவிட்டார்.

“இன்னாய்யா இது? அஞ்சு வூட்டுக்காரனுக்கு நான் இன்னா பதில் சொல்றது?”

ஸ்டெல்லா அக்கா முந்திக்கொண்டார். “பாதி தப்பு என்னுது சார். பாதி வேலையில அவன தனியா வுட்டுட்டு சாப்டப் போனது நாந்தான்.”

சொல்லிவிட்டு பீரோவைத் திறந்தார். உள்ளே, துண்டில் சுற்றி, பழைய டிஸ்க்குகள். அண்ணன் அழிக்கச் சொல்லியும் அழிக்காமல், நான் சொன்னதைக் காதில் வாங்காமல், வைத்திருந்தவை. படம் பிடித்தது ஏறக்குறைய முழுவதும் அதில் இருந்தது. போனது ஒரு வார எடிட்டிங். நான் அங்கேயே, அடையாள அட்டையோடு, அழுதேன். அக்கா தன் சாப்பாட்டுப் பையிலிருந்து கைத்துணியை எடுத்து நீட்டினார். மீன் குழம்பு வாசம். அதைவிட ஆறுதலான வாசத்தை நான் இதுவரை முகர்ந்ததில்லை.

வாசலுக்கு வந்து நசீமா அக்காவுக்குப் போன் செய்து ஒப்புக்கொண்டேன்.

“வீடியோ போனா போவுதுடா” என்றாள். “நான் கட்டிக்கினவரு இங்கதான் கீறாரு. அவர அழிச்சிடலியே? நீ சாப்ட்டியா?”

கடையில் லீவு சொல்லிவிட்டு, பதினோரு நாள் தினமும் பஸ் ஏறிப் போனேன். முரளியும் ஸ்டெல்லா அக்காவும் அழிந்துபோனதை மறுபடி வெட்டி ஒட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் போட்டேன். இரண்டு பேரும் ஒரு தடவைகூட என்னைக் குத்திக்காட்டவில்லை. ஐந்தாவது கம்ப்யூட்டரையும் அக்கா என் கையாலேயே சேர்க்க வைத்தார். அந்த முறை கேபிளைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

கடைசி நாள்தான் ஒரு ஓட்டை தெரிந்தது. நசீமா அக்கா கல்யாணத்தின் ஒரு மெமரி கார்டைத் தாமதமாக நேராகப் புதுப் பெட்டியில் ஏற்றியிருந்தார்கள். கார்டும் வேறு விசேஷத்துக்குப் போய்விட்டது. அதில் இருந்தது சாப்பாட்டுக் கூடம் மட்டும். பிரியாணி சாப்பிடுவதைத் திரும்ப யார் பார்க்கப் போகிறார்கள் என்று எல்லோரும் நிம்மதியானோம்.

பஷீர் மாமு பார்த்தார். அம்மாவின் அண்ணன். கல்யாணத்தன்று காலையிலிருந்து பிரியாணி தேக்சா பக்கத்திலேயே நின்று, கடைசிப் பந்தி எழும்வரை மேடைப் பக்கமே வராமல் பரிமாறிய மனிதர். வீட்டில் எல்லோரும் கூடி வீடியோவைப் போட்டபோது, புதுச் சட்டை அணிந்து முன்வரிசையில் உட்கார்ந்து இரண்டரை மணி நேரம் பார்த்தார். முடிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

“அப்ப நான் கல்யாணத்துக்கு வரவேயில்லியா?”

வீடே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவர் காலைப் பிடிக்காத குறையாக மன்னிப்புக் கேட்டேன். “வுடுடா, துன்னவங்களுக்குத் தெரியும்” என்று முதுகில் தட்டினார். அத்தோடு விட்டிருந்தால் மாமு அல்லவே.

இரண்டு வருடம் கழித்து என் கல்யாணம். வீடியோ யார் என்ற கேள்விக்கே இடமில்லை. ஸ்டெல்லா அக்காவே கேமராவோடு வந்தார். மாமு காலை ஏழு மணிக்கே மேடை ஏறிவிட்டார்.

“மாமு, பந்திய யாரு பாக்கறது?”

“பந்தி கெடக்கட்டும். ஒன்ன நம்ப முடியாது. நான் மொதல்ல பதிஞ்சிக்கிறேன்.”

நாள் முழுக்க அவர் என் தோளை விட்டு நகரவில்லை. ஸ்டெல்லா அக்காவும் கேமராவை அவரை விட்டு நகர்த்தவில்லை. தவறுதலாகச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. வீடியோ எங்கள் வீட்டுக்கு மூன்று பிரதிகளாக வந்தது. மூன்றின் மீதும் ‘பஷீர் மாமு’ என்று எழுதியிருந்தது.

இன்றும் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு என் மனைவி ஆயிஷா அதைப் போட்டுக் காட்டுவாள். புதிதாகப் பார்க்கிறவர்கள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “இதுல மாப்பிள்ளை யாரு?” என்று கேட்பார்கள்.

“மாமு பக்கத்துல ஒருத்தர் நிக்கிறாரு பாருங்க,” என்பாள் ஆயிஷா, “அவருதான்.”