ஐந்து நன்றி, நாற்பது தவணை

விருத்தாசலம் ரசத்துக்கு நன்றி சொன்னதும், அவர் மனைவி சௌந்தரம் கரண்டியைப் பாத்திரத்திலேயே போட்டுவிட்டு அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"சுடல," என்றாள். "என்னா ஆச்சு உங்களுக்கு?"

"ஒண்ணும் ஆவல. ரசம் நல்லா இருந்துச்சு. ரொம்ப நன்றின்னு சொன்னேன்."

"இருவத்திரெண்டு வருஷமா நல்லா இல்லியா?"

"இருந்துச்சு. சொல்லல. இனிமே சொல்லப் போறேன்."

"வேணாம். கேக்கறதுக்கே ஒரு மாதிரியா இருக்கு."

விருத்தாசலம் திண்டிவனத்தில் ஒரு கடலை எண்ணெய் மில்லில் கணக்கு எழுதுபவர். வீடு விழுப்புரத்தில். காலையில் பாசஞ்சரில் போய்ச் சாயங்காலம் பஸ்ஸில் திரும்புவார். வீடு தொண்ணூற்றேழில் பதினைந்து வருடக் கடனில் கட்டியது. இப்போது இரண்டாயிரத்து எட்டு. இன்னும் நாற்பது தவணை பாக்கி இருந்தது.

முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண மண்டபத்தில், வீட்டுக் கடனைச் சீக்கிரம் அடைப்பது எப்படி என்று சென்னையிலிருந்து வந்த ஒருவர் பேசினார். அனுமதி இலவசம். அவர் விற்ற நோட்டு மட்டும் நூற்றிருபது ரூபாய். நோட்டில் இடது பக்கம் அன்றைய செலவை எழுத வேண்டும். வலது பக்கம் அன்றைக்கு நேருக்கு நேராக நன்றி சொன்ன ஐந்து பேரின் பெயர்களை எழுத வேண்டும். இருப்பதற்கு நன்றி சொல்கிறவனுக்கு இல்லாததன் மேல் ஆசை வராது, ஆசை வராதவனுக்குச் செலவு வராது, செலவு வராதவனிடம் கடன் நிற்காது என்று கோட்டு போட்ட அந்த மனிதர் வியர்க்க வியர்க்க விளக்கினார். நாற்பது தவணையைப் பதினெட்டாக்கலாம் என்றும் சொன்னார்.

விருத்தாசலத்துக்கு அது நியாயமாகவே பட்டது. வீட்டுக்கு வந்ததும் முதல் செலவாக நோட்டின் விலையை எழுதினார். பிறகு செய்தித்தாளை நிறுத்தினார். பஸ் ஸ்டாண்டு பஜ்ஜியை நிறுத்தினார். பாலைப் பாதியாகக் குறைத்தார்.

பால் ஊற்றும் பாஞ்சாலி கேனோடு வாசலில் நின்றாள்.

"இனிமே அரை லிட்டர் போதும்மா," என்றார் விருத்தாசலம். "இத்தினி வருஷமா மழைன்னும் பாக்காம வந்து ஊத்தினீங்க. ரொம்ப நன்றி."

பாஞ்சாலி அவரையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "வூட்ட காலி பண்றீங்களா சார்?"

"இல்லியே."

"பின்ன எதுக்கு நன்றி? மீட்டிங் முடியறப்பதான் மைக்குல அத சொல்லுவாங்க. பாலையும் கொறச்சிட்டீங்க. பாக்கி அறநூத்தி நாப்பது இருக்கு, இப்பவே குடுத்துடுங்க."

"மாசக் கடைசியில தர்றேனே."

"மாசக் கடைசியில நீங்க எங்க இருப்பீங்களோ."

அவர் உள்ளே போய்ப் பணத்தை எடுத்துவந்து கொடுத்தார். இடது பக்கத்தில் அறுநூற்று நாற்பது. வலது பக்கத்தில் பாஞ்சாலி.

மில் முதலாளி அப்துல் கரீம் கோட்டக்குப்பத்துக்காரர். அதிகம் பேசாதவர். பதினெட்டு வருடமாக விருத்தாசலத்துக்கு அவர்தான் சம்பளம் கொடுக்கிறார். நியாயமாகப் பார்த்தால் நோட்டில் முதல் பெயரே அவருடையதாக இருந்திருக்க வேண்டும். விருத்தாசலம் அவர் மேஜை எதிரில் போய்க் கைகட்டி நின்றார்.

"பாய், பதினெட்டு வருஷமா எனக்கு சோறு போட்டீங்க. ரொம்ப நன்றி."

கரீம் பாய் கண்ணாடியைக் கழற்றினார். "எந்த மில்லு?"

"எது பாய்?"

"எந்த மில்லு கூப்புடுது? எவ்ளோ தர்றேன்னான்?"

"யாரும் கூப்புடல பாய். சும்மா நன்றி சொன்னேன்."

"சும்மா யாராவது நன்றி சொல்லுவாங்களா?"

மத்தியானம் பாயின் தம்பி மகன் சுஃப்யான் வந்து, வருத்தத்தோடு, பீரோ சாவியையும் செக் புத்தகத்தையும் வாங்கிக்கொண்டு போனான். அன்று முழுக்க விருத்தாசலத்துக்கு வேலை ஓடவில்லை. இந்த வயதில் வேலை போனால் நாற்பது தவணையையும் யார் கட்டுவது?

மறுநாள் காலை முதல் வேலையாக அதைச் சரிசெய்யப் போனார். மில்லில் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். கடலைத் தொலியின் தூசி அவர் கண்ணில் விழுந்து நீர் கொட்டியது. துடைத்துக்கொண்டே பேசினார்.

"பாய், நான் வேற எங்கயும் வேலைக்கி போவல. இனிமே போற நெனப்பும் இல்ல. இருக்கற வரைக்கும் இங்கதான்."

கரீம் பாய் கணக்குப் புத்தகத்தை மூடினார். பிறகு எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார்.

"டாக்டர் என்னா சொன்னாரு?"

"எந்த டாக்டர் பாய்?"

"சரி, சொல்ல வேணாம். நீ போயி ரெஸ்ட் எடு. சுஃப்யான், கார எடுத்துக்கினு ஜல்தி வா."

சாவி திரும்பக் கைக்கு வந்தது. கூடவே, மூன்று வருடமாகத் தள்ளிப்போன போனஸ் பதினெட்டாயிரமும் ஒரு கவரில் வந்தது. அவர் காரில் வீட்டு வாசலில் இறங்கியதைத் தெருவே பார்த்தது.

சனிக்கிழமையிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஆப்பிள், சாத்துக்குடி, சத்துமாவு டப்பா என்று ஆளுக்கொன்று கொண்டுவந்தார்கள். வந்தவர்கள் அவரைப் பார்ப்பார்கள், சுவரைப் பார்ப்பார்கள், காப்பி குடிப்பார்கள். அரை லிட்டர் பால் இரண்டரை லிட்டர் ஆனது. பாஞ்சாலி பால் கணக்கைப் பேசவே இல்லை. அவருக்கென்று தனியாக ஒரு டம்ளர் ஊற்றிவிட்டு, "நீங்க குடிங்க சார்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

விருத்தாசலம் வந்த ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னார். வந்தவர்கள் வெளியே போய், "பாவம், எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காரு," என்றார்கள்.

"அப்பா, மொதல்ல நன்றி சொல்றத நிறுத்துங்க," என்றாள் கல்லூரியில் படிக்கும் மகள் தமிழ்மொழி. "அதுலதான் எல்லா பேஜாரும்."

அவர் நிறுத்தினார். அடுத்து வந்த இரண்டு பேரிடம் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினார். பேச்சு நின்றுவிட்டது என்ற செய்தி அன்று மாலைக்குள் திண்டிவனம் வரை போனது.

அந்தச் செய்தி கேட்டுத்தான் தம்பி ராம்கி வந்தான். எஸ்.டி.டி. பூத் வைக்க இரண்டாயிரத்து ஒன்றில் அண்ணனிடம் முப்பத்தைந்தாயிரம் வாங்கியவன். அதன் பிறகு அண்ணன் இருக்கும் கல்யாணங்களில் முதல் பந்தியிலேயே சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவான். இப்போது ஒரு மஞ்சள் பையை அவர் மடியில் வைத்தான்.

"அண்ணே, முப்பத்தஞ்சும் இருக்கு. வட்டி மட்டும் கேக்காத. மனசுல எதயும் வச்சிக்கினு போவாத."

"டேய், நான் எங்கடா போறேன்? எனக்கு ஒண்ணும் இல்லடா."

"நீ அப்பிடித்தான் சொல்லுவ. உன் மனசு யாருக்கு வரும்," என்று ராம்கி அழுதான். தம்பி அழுது பார்த்து முப்பது வருடமாகியிருந்தது. விருத்தாசலத்துக்கும் கண் கலங்கியது. அதுவும் தப்பாகப் போயிற்று.

யார் கேட்டாலும் இல்லையென்று சொல்லத் தெரியாத மனிதர் அவர். அதனால் கொடுத்தவை நிறைய இருந்தன. ஓமந்தூரிலிருந்து பழைய நண்பர் தெய்வசிகாமணி, போர் போட வாங்கிய இருபதாயிரத்தோடு ஒரு மூட்டை மல்லாட்டையும் கொண்டுவந்து இறக்கினார். விருத்தாசலமே மறந்துபோன ஒருவர் ஆறாயிரம் கொடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். பத்து நாளில் வீட்டு பீரோவில் ஒரு லட்சத்து ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் சேர்ந்துவிட்டது.

ஆனால் அவருக்குத் தூக்கம் கெட்டது. பணம் தன்னுடையதுதான். இருந்தாலும் சாகாமல் அதை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய் செலவு செய்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் முழு உடம்பையும் சோதித்துக்கொண்டார். எல்லாம் சரியாக இருப்பதாக எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு முதலில் தெய்வசிகாமணியிடம் போனார்.

தெய்வசிகாமணி இரண்டு தரம் படித்தார். "இவனுங்களுக்கே புடிபடலியா?" என்றார் மெதுவாக. "மெட்ராஸுக்கே போயிடலாம்டா. செலவு நான் பாத்துக்கறேன்."

விருத்தாசலம் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு யாரிடமும் எதையும் விளக்கவில்லை.

அன்று சாயங்காலம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டார். நாற்பது தவணையையும் ஒன்றாகக் கட்டினால் வட்டி கழிந்து ஒரு லட்சத்து நாலாயிரத்துச் சொச்சம் வரும். கையில் அதற்கு மேலேயே இருந்தது. கோட்டு போட்ட மனிதர் சொன்னது பலித்துவிட்டது. அவர் சொன்ன பதினெட்டு மாதம்கூட ஆகவில்லை.

"நாளைக்கி லீவு போட்டு பேங்க்ல கட்டிட்டு வந்துடறேன்," என்றார்.

சௌந்தரம் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். "ஒரேடியாவா?"

"வீடு நம்மளுது ஆயிடும்."

"இப்ப மட்டும் யாருது? மாசாமாசம் நான்தான கட்டிக்கினு வர்றேன், அப்பிடியே போவட்டுமே. கையில காசு இருக்கட்டும்."

"காசு இருந்தா நாளைக்கே நாலு பேரு கேப்பாங்க, சௌந்தரம். நான் குடுத்துடுவேன். கடன்ல போட்டாத்தான் மிஞ்சும்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "அப்போ குடுங்க, நான் போயி கட்டறேன். உங்களுக்கு எதுக்கு அலைச்சல்?"

"நீயும் எனக்கு ஒடம்பு சரியில்லன்னு நெனைக்கிறியா?"

அவள் மறுபடி வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் பத்து மணிக்கு அவர் வங்கி வாசலில் நின்றார். உள்ளே போய் எட்டு ஒன்பது வருடம் இருக்கும். அது திறப்பதற்குள் அவர் பாசஞ்சர் போய்விடும் என்பதால், ஐந்தாம் தேதி காலையில் பணத்தைச் சௌந்தரத்திடம் கொடுத்துவிடுவதுதான் வழக்கம். மஞ்சள் பையைக் கவுண்டரில் வைத்தார். இத்தனை வருடச் சுமையை இறக்குகிறோம் என்ற நினைப்பில் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"வீட்டுக் கடன் மொத்தத்தயும் முடிச்சிடலாம்னு வந்தேன். பன்னெண்டு வருஷமா ஒத்துழைப்பு குடுத்தீங்க. எல்லாருக்கும் ரொம்ப நன்றி."

கவுண்டரில் இருந்த பெண் கணக்கு எண்ணைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி தட்டினாள். "ஒரு நிமிஷம் சார்," என்று எழுந்து மேனேஜர் அறைக்குள் போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் தலையைத் திருப்பி அவரையே பார்த்தார்கள். ஒருவர் பரிதாபமாகத் தலையை ஆட்டினார்.

செய்தி இங்கேயும் வந்துவிட்டது என்று விருத்தாசலம் புரிந்துகொண்டார். மேனேஜர் அறையிலிருந்து கடைநிலை ஊழியர் ராயப்பன் மட்டும் தயங்கித் தயங்கி வெளியே வந்தார். வெகுநாளாக அங்கே வேலை பார்ப்பவர். விருத்தாசலம் முந்திக்கொண்டார்.

"யாரு சொன்னதயும் நம்பாதீங்க. ஒடம்புல எனக்கு ஒண்ணும் இல்ல."

ராயப்பன் பையைக் கவுண்டரிலிருந்து எடுத்து அவர் கையிலேயே திரும்பக் கொடுத்தார்.

"ஒடம்புல மட்டும் இல்ல சார், கடன்லயும் ஒண்ணும் இல்ல, அம்மா அவங்க தாய் வூட்டு நெலத்த வித்த காசுல மூணு வருஷத்துக்கு முன்னயே முழுசா அடச்சிட்டாங்க, அதுலேர்ந்து நீங்க குடுத்தனுப்புற பணத்த மாசாமாசம் பொண்ணு பேர்ல போட்டுட்டு, உங்க கிட்ட சொல்லாம இருக்கறதுக்கு எங்க எல்லாருக்கும் ஒரு நன்றி சொல்லிட்டு போவாங்க."