வீட்டுக்கு ஓர் ஆள்

"அப்போ ஏரோப்ளேனே வாங்கலியா?"

"வாங்கறத தள்ளிப் போட்டுட்டாங்க மாமா. ரெண்டு வருசம். புது ப்ளேன் வந்தாதான் எனக்கு வேலையாம்."

"ஏன் தள்ளிப் போட்டாங்களாம்?"

"வெளியூர் போற சனம் கொறைஞ்சுபோச்சு. பாதி சீட்டு காலியாவே பறக்குதாம்."

கோபால்சாமி சாமை மூட்டையின் மேல் உட்கார்ந்து யோசித்தார். அவருடைய அக்கா மகள் அபிநயா விமானப் பணிப்பெண் வேலைக்குத் தேர்வானதற்கு, ஜமுனாமரத்தூர் சந்தையில் பாதிப் பேருக்கு ஜிலேபி கொடுத்தாயிற்று. அவளோ மனதுக்குள் ஆறு கடல்களைத் தாண்டியிருந்தாள். இப்போது கம்பெனியின் கடிதத்தைக் கைப்பேசியில் ஒன்பதாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்கா மூஞ்சத் தூக்கி வெச்சிருக்க?" மாமா சட்டென்று எழுந்தார். "நம்ம சாயங்கால பஸ்ஸ எப்படிக் காப்பாத்தினோம்?"

அபிநயா கைப்பேசியிலிருந்து நிமிர்ந்தாள். கூட்டமில்லை என்று பஸ்ஸை நிறுத்தப் பார்த்தபோது, வீட்டுக்கு ஓர் ஆள் என்று முறை வைத்து, ஒரு வேலையும் இல்லாமல் அடிவாரத்துச் சந்தவாசல் வரை இறங்கி ஏறிய மலைக்கிராமம் அவர்களுடையது. மூன்றே மாதத்தில் பஸ் நிலைத்துவிட்டது.

"மாமா, அது பஸ்ஸு."

"இதுலயும் சீட்டுதான காலி?"

மறுநாள் காலையில் பதினோரு வீடுகள் பேர் கொடுத்துவிட்டன. சென்னையில் ஏறி பெங்களூரில் இறங்குவதாகத் திட்டம். தன்னால் இத்தனை பேரின் புளி விற்ற காசும் ஆகாயத்தில் போகப்போகிறதே என்று அபிநயாவுக்குப் பதறியது.

"ஆதார் கார்டு இல்லாம ஏத்த மாட்டாங்க," என்றாள்.

அரை மணியில் எல்லாரும் அட்டையோடு வாசலில் நின்றார்கள்.

"பதினோரு பேரு ஏறி இன்னா ஆவப்போவுது மாமா? நூறு பேராவது வேணும்."

அதுதான் பெரிய தப்பு. மாமா பைக்கை உதைத்துக்கொண்டு அக்கம்பக்கத்து ஊர்களுக்கெல்லாம் போனார். சாயங்காலம் வாசலில் நூற்று நான்கு பேர். வெயில் இறங்கியும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. யாருக்கு ஜன்னலோரம் என்று இப்போதே சண்டை.

"துண்டு போட்டு எடம் புடிச்சா ஒத்துக்குவாங்களா?" என்று மாதையன் கேட்டார்.

"மேகத்துக்கிட்ட நிறுத்துவாங்களா?" என்றது இன்னொரு குரல்.

விடிந்தால் டிக்கெட் போடுவதாக ஏற்பாடு. அபிநயாவுக்கு ஒரே வழிதான் தெரிந்தது. வராத போனைக் காதில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். "சரிங்க, ரொம்ப நன்றிங்க" என்று சத்தமாகப் பேசினாள். சிரித்தபடி வெளியே வந்தாள்.

"மாமா, கம்பெனிலருந்து போன். ஏரோப்ளேன இப்பவே வாங்கப் போறாங்களாம். என் வேலை கெடைச்சிடுச்சு. இனிமே யாரும் ஏற வேணாம்."

யாரும் கைதட்டவில்லை. மாதையன் தோளிலிருந்த துண்டை எடுத்து மெல்ல மடித்தார். மாமா காலால் தரையைக் கீறினார்.

கூட்டத்துக்குள்ளிருந்து பக்கத்து வீட்டு மங்கம்மாள் வந்தாள். பெங்களூருக்கென்று எடுத்த புடவையை இன்றே கட்டியிருந்தாள். அபிநயாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"நாங்க ஒருவாட்டி ஏறி எறங்கற வரைக்கும், அந்த ஏரோப்ளேன வாங்காம இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்றியா பாப்பா?"