வஜிஹா கல்யாண விறகும் சூளகிரிப் புளியமரமும்

மத்திகிரி,
12-1-1989

மதிப்புக்குரிய மச்சான் ஜனாப் பஷீர் அஹமது அவர்களுக்கு, தங்கள் தங்கை கணவன் அதாவுல்லா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும், தங்கள் தங்கை காத்தூனும், கல்யாணப் பெண் வஜிஹாவும் சுகம். சவூதியில் தாங்களும் சுகமாக இருக்க ஐந்து வேளையும் துஆச் செய்கிறோம். சுகம் என்று முதலில் எழுதிவிட வேண்டும் என்பது முறை, ஆகவே எழுதிவிட்டேன். மற்ற விவரம் கீழே வருகிறது. தாங்கள் உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

தங்கள் கடிதம் கிடைத்தது. வஜிஹா கல்யாண பிரியாணி புளிய விறகில்தான் வேக வேண்டும், வேறு விறகில் வெந்தால் கிருஷ்ணகிரி சம்பந்தி வீட்டார் முன்னால் தங்கள் தலை தொங்கிப் போகும், ஆகவே சூளகிரி நிலத்தில் நிற்கும் புளியமரத்தை வெட்டிக்கொள்ளவும், இது தாய்மாமன் சொல் என்று கண்டிப்பாக எழுதியிருந்தீர்கள். சமைக்க ஒப்புக்கொண்டிருக்கும் ஃபக்ருதீன் மாஸ்டரும் இதில் தங்கள் கட்சிதான். "புளியங்கட்டை நெருப்பு நின்னு எரியும் பாய். அந்தக் கங்கை அள்ளி மூடி மேல போட்டாத்தான் தம்மு. வேற கட்டைன்னா நீங்களே ஆக்கிக்கோங்க, நான் வந்து சாப்ட்டுட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டார். ஆக, தாங்களும் மாஸ்டரும் ஒரு பக்கம். மரம் மட்டும் இன்றுவரை எதிர்ப்பக்கம் நிற்கிறது. ஏன் நிற்கிறது என்று தாங்கள் கோபிக்குமுன் சொல்லிவிடத்தான் இந்தக் கடிதம்.

மாஸ்டர் சொன்ன மறுநாளே மரம் வெட்டும் திம்மராயனைக் கூட்டிக்கொண்டு சூளகிரிக்குப் பஸ் ஏறினேன். கோடாலியோடு ஏறியதற்குக் கண்டக்டர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார், அதை விடுங்கள். நிலம் தங்கள் தகப்பனார் மர்ஹூம் விட்டுப்போன மாதிரிதான் இருக்கிறது, அதாவது பிரிக்காமலே இருக்கிறது. கிழக்குப் பக்கம் காத்தூனுக்கு என்று அவர்கள் வாயால் சொன்னது தங்களுக்கும் நினைவிருக்கும். ஆனால் நம் வீட்டில் பங்கு, பிரிவினை என்று பேசும் வழக்கம் இல்லாததால் யாரும் பேசவில்லை. அந்தக் கிழக்குக் கோடியில் கிணற்றை ஒட்டி மரம் நிற்கிறது. போய்ப் பார்த்தால் மரத்தடியில் பெண்கள் ஏழெட்டுப் பேர் விறகுச் சுமையை இறக்கி வைத்துவிட்டு வரிசையாகக் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் முனிலட்சுமி. முன்பு நம் நிலத்து மேட்டில் சுள்ளி பொறுக்க வருவாளே, அவளேதான். மரத்தை வெட்ட வந்திருக்கிறோம், கொஞ்சம் எழுந்திருங்கள் அம்மா என்று மரியாதையாகத்தான் சொன்னேன். அவள் எழுந்திருக்கவில்லை. "ஏன் பாய், மேட்டுல மரம் இருந்தப்ப வூட்டுக்குப் பின்னாலயே சுள்ளி பொறுக்கிக்குவோம். அது போச்சு. இப்ப விடியறதுக்கு முன்ன காட்டுக்குப் போயி, பாரஸ்ட் கார்டு கிட்ட திட்டு வாங்கினு வரோம். சுமையை எறக்கி வெக்க இந்த ஒரு நெழல்தான் கீது. இதையும் வெட்டிட்டீங்கன்னா நேரா மத்திகிரிக்கு வந்து உங்க தலை மேலதான் எறக்குவோம்" என்றாள். நான் திம்மராயனைப் பார்த்தேன். அவன் அதற்குள் கோடாலியைக் கீழே போட்டுவிட்டு அவர்கள் சொம்பில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். விசாரித்தால் முனிலட்சுமி அவனுக்குச் சின்ன மாமியார் முறையாம். "மாமியார் குந்தினுகீற நெழலை வெட்டினா எனக்கு வூட்ல சோறு கெடைக்காதுங்க பாய்" என்றான். இதில் நான் என்ன செய்ய முடியும், தாங்களே சொல்லுங்கள்.

மேட்டு மரங்கள் பேச்சு வந்துவிட்டதால் ஒரு வார்த்தை. தாங்கள் விசாவுக்காக அந்த மரங்களைச் செங்கல் சூளைக்காரருக்கு விற்றதை நான் குறையாகச் சொல்லவில்லை. பக்கத்து நிலத்துக்காரர்களும் விற்றார்கள், மலையடிவாரத்திலும் ராத்திரியோடு ராத்திரியாக வண்டி வண்டியாகப் போனது. ஓசூரில் கம்பெனிக்கு மேல் கம்பெனி எழும்பினால் செங்கல் வேண்டும், செங்கல் வேகக் கட்டை வேண்டும், கம்பெனியில் செய்த சாமானை அனுப்பப் பலகைப் பெட்டி வேண்டும், வேலை செய்ய வந்த ஜனத்துக்கு அடுப்பெரிக்க விறகு வேண்டும். நான் அந்தக் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவன். எனக்கு யாரைக் குறை சொல்லும் வாய் இருக்கிறது? முனிலட்சுமி சொன்னதை அப்படியே எழுதினேன், அவ்வளவுதான்.

சரி, மரம் வேண்டாம், விறகை விலைக்கு வாங்கிவிடலாம் என்று ஓசூர் விறகு மண்டிக்குப் போனேன். புளியங்கட்டை என்றதும் மண்டிக்காரர் சிரித்தார். காட்டுக்கட்டை கேட்டேன், வாயில் விரலை வைத்துச் சாலையில் நிற்கும் வனத்துறை செக்போஸ்ட் பக்கம் கண்ணைக் காட்டினார். இருப்பது தைல மரம் ஒன்றுதான் என்றார். மரமே இல்லாத இடத்துக்கெல்லாம் அதைத்தானே நட்டு வைத்திருக்கிறார்கள், மரம் என்று பெயர் இருந்தால் போதும் என்று. அதை ஒரு கட்டு வாங்கிவந்து, மாஸ்டர் கையைக் காலைப் பிடித்து, வீட்டு வாசலில் சின்னத் தேக்சாப் பாத்திரத்தில் ஒத்திகை பார்த்தோம். ஈர விறகு. புகையில் மாஸ்டரும் தெரியவில்லை, தேக்சாவும் தெரியவில்லை, இருமல் சத்தத்தை வைத்துத்தான் ஆள் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டோம். ஆக்கி இறக்கியதும் தெருவுக்கெல்லாம் ஆளுக்கொரு கரண்டி கொடுத்தோம். பிரியாணியில் ஏலக்காய் மணம் இல்லை, கிராம்பு மணம் இல்லை, நெற்றியில் தடவும் தைலத்தின் மணம்தான் இருந்தது. வெகு நாளாக மூக்கடைப்பில் கிடந்த பக்கத்து வீட்டுப் பரமசிவம் மட்டும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "இதைக் கல்யாணத்துல போடாதீங்க பாய், ஆனா எனக்குச் சளி புடிச்சா சொல்லியனுப்பறேன்" என்றார்.

அடுத்தது எங்கள் கம்பெனிப் பலகை. வெளிநாட்டு இயந்திரம் வந்த பெட்டிகளைக் கழிவு விலைக்குக் கொடுப்பார்கள், அதில் கொஞ்சம் வாங்கினேன். எப்படியும் தூக்கிப் போடுகிற பலகை, அதற்காக யாரும் புதிதாக ஒரு மரத்தை வெட்டப் போவதில்லை என்று எனக்குள் ஒரு பெருமையும் இருந்தது. தீ வைத்ததும் பற்றியது பாருங்கள், மாஸ்டரின் மீசை ஒரு பக்கம் கருகியது. கங்கு என்ற பேச்சுக்கே இடமில்லை, எல்லாம் சாம்பல். "இது வெறகு இல்ல பாய், காயிதம்" என்றார். இருந்த நெருப்பை வாரி மூடி மேல் போட்டுத் தம் வைத்தார். திறக்கும்போது மூடி சரிந்து சாம்பலும், சாம்பலில் இருந்த ஆணிகளும் சோற்றில் விழுந்தன. மாப்பிள்ளையின் தகப்பனார் கல்யாண நாள் பேச அன்றைக்கென்று வந்திருந்தார். அவர் தட்டில் ஒன்று அகப்பட்டது. கோபித்துக்கொள்ளவில்லை. ஆணியை எடுத்துத் தட்டின் ஓரம் வைத்துவிட்டு, "பொண்ணு வீட்ல கம்பெனி வேலை பாக்கறாங்கன்னு சொன்னாங்க, சரிதான்" என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு மச்சான், எனக்கும் பிடிவாதம் வந்துவிட்டது. போன வாரம் திம்மராயனைக் காலையிலேயே கூட்டிக்கொண்டு, முனிலட்சுமி வருமுன் வெட்டிவிடுவது என்று போனேன். இந்த முறை மரத்தடியில் யானை நின்றது. நான் கதை கட்டவில்லை, தந்தமுள்ள முழு யானை. காட்டில் தின்ன இல்லாததால் இந்தப் பக்கம் கேழ்வரகுப் போருக்கு வருகின்றன. தின்றுவிட்டு வெயில் ஏறியும் நகராமல் நிழலில் நின்றது. இந்தப் பகுதியில் மாமியாருக்கும் யானைக்கும் சேர்த்து அந்த ஒரு நிழல்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. திம்மராயன் கோடாலியையும் என்னையும் போட்டுவிட்டு ஓடினான். நான் ஓடிய திசை மேடு. ஏறி நின்று மூச்சு வாங்கியபோதுதான் அந்த மேட்டை வெகு காலத்துக்குப் பின் பார்த்தேன். மண்ணே இல்லை மச்சான். வெறும் பாறை, வழுக்கை. மரங்கள் பிடித்து வைத்திருந்த செம்மண் அத்தனையும் மழைக்கு மழை இறங்கிக் கீழே கேழ்வரகு வயலை மூடியிருக்கிறது, பாதி கிணற்றையும் தூர்த்திருக்கிறது. கிணற்றின் கிழக்குக் கரை மட்டும் சரியாமல் நிற்கிறது. அந்தப் புளியமரத்தின் வேர் கரைக்குள் இறங்கி, கல்லைச் சுற்றிப் பிடித்திருப்பதை மேலிருந்தே பார்க்க முடிந்தது. யானை போன பிறகும் நான் இறங்காமல் அந்த வேரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிலத்தை உழுகிற வெங்கடப்பன் வந்து என்னைக் கீழே இறக்கினான். எதற்கு வந்தேன் என்று கேட்டான், சொன்னேன். "வெட்டிக்கோங்க பாய், உங்க மரம். கரை சரிஞ்சா கெணறு போவும், கெணறு போனா நாங்களும் பொண்டு புள்ளைங்களோட மூக்கண்டப்பள்ளிக்கு வந்துடறோம். உங்க கம்பெனி கேட்ல நிக்கறோம். ஆனா ஏற்கெனவே நிக்கறவனையே நீங்க உள்ள வுட மாட்டேங்கறீங்களே" என்றான். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவன் எனக்கு மோர் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்து, ஒன்றை வெட்டினால் பத்துக் கன்று நட்டுவிடலாம், வனத்துறையில் கொடுக்கிறார்கள் என்று சமாதானம் சொன்னேன். வஜிஹா, "நல்லது அத்தா. அது பத்தும் பிரியாணிக்கு ஆகறதுக்குள்ள என் பேத்திக்குக் கல்யாணமே ஆயிடும்" என்றாள். காத்தூன் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் எப்போதும் இதில் தலையிடுவதில்லை.

இவ்வளவும் எழுதியது மறுப்பதற்காக அல்ல. கல்யாணம் பண்ணிப் பார் என்று சும்மாவா சொன்னார்கள். மரத்துக்கு வருத்தப்படலாம், மகளின் கல்யாணத்தை வருத்தத்தால் நடத்த முடியாது. தாங்கள் மூத்தவர், சொத்துக்கும் பெரியவர், ஊர் முழுவதையும் அழைக்கச் சொல்லியிருக்கிறீர்கள், அத்தனை பேருக்கும் சோறு வேக வேண்டும். ஆகவே பொங்கல் கழிந்து திங்கட்கிழமை காலை மரத்தை வெட்டுவது என்று முடிவு செய்துவிட்டேன். திம்மராயன் மாமியார் அன்றைக்கு ஊரில் இருக்க மாட்டாளாம். யானையைப் பற்றித் தகவல் இல்லை. தங்கள் சொல்லை நான் என்றைக்கும் தட்டியதில்லை, இதையும் தட்டவில்லை என்பதை நெஞ்சில் வைத்துக்கொள்ளவும்.

தங்கள் நீண்ட ஆயுளுக்கும், கைநிறைந்த சம்பாத்தியத்துக்கும், ஆரோக்கியமாக ஊர் திரும்பி வஜிஹாவை வாழ்த்துவதற்கும் எங்கள் எல்லோருடைய துஆவும் உண்டு. வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
தங்கள் சொல் தட்டாத
அதாவுல்லா

பின்குறிப்பு: மேலே எழுதிய அனைத்தையும் ரத்து செய்துகொள்ளவும். தங்கள் தங்கையின் சலாமையும் சேர்க்கலாமென்று கடிதத்தைக் காத்தூனுக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டுவிட்டு முறத்தைக் கீழே வைத்தாள். "மரம் எந்தப் பக்கம் நிக்குது?" என்றாள். கிழக்கே என்றேன். "கிழக்கு யாருக்குன்னு எங்கத்தா சொன்னாங்க?" என்றாள். நான் கடிதத்தைப் புரட்டினேன். நானே எழுதியிருக்கிறேன், முதல் பக்கத்திலேயே இருக்கிறது. "அண்ணன் சவூதியிலேர்ந்து வெட்டச் சொல்றாங்க, நீங்க மத்திகிரியிலேர்ந்து வெட்டறேங்கறீங்க. மரத்துக்காரி நடுவுல அரிசி பொடைச்சுக்கிட்டிருக்கேன், என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு ரெண்டு பேருக்கும் தோணலை. மேட்டு மரத்தை வித்தப்பவும் கேக்கலை. அதுலயும் எனக்குப் பங்கு உண்டு, அப்ப வாயைத் திறக்கலை. இப்பத் திறக்கிறேன்" என்றாள். இத்தனை வருடம் கூட வாழ்ந்தும் அந்தக் குரலை நான் கேட்டதில்லை மச்சான். வஜிஹா அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

மரம் வெட்டப்படாது. அதில் தானாகக் காய்ந்து முறிந்த கிளை ஒன்று கிணற்றோரம் கிடக்கிறது. அதில் எத்தனை தேக்சா வேகுமோ அத்தனை பேருக்குத்தான் விருந்து என்று காத்தூன் ஃபக்ருதீன் மாஸ்டரிடம் சொல்லிவிட்டாள். அவர் மறுநாளே போய்க் கிளையைத் தட்டிப் பார்த்து, ஒரு தேக்சாவுக்குக் குறையாது என்று ஒப்புக்கொண்டார். ஊருக்கு நான் அச்சடித்த அழைப்பெல்லாம் கட்டாகக் கிடக்கிறது. சம்பந்தி வீட்டுக்குப் போக மிஞ்சும் தட்டுகள் கொஞ்சம்தான். அதில் முனிலட்சுமிக்கு ஒன்று, வெங்கடப்பன் வீட்டுக்குச் சில, தங்களுக்கு ஒன்று. விருந்து மரத்தடியில். தாய்மாமன் சீராகத் தங்க வளையல் கொண்டுவருவதாக எழுதியிருந்தீர்கள், காத்தூன் சொல்கிறாள், அது வேண்டாமாம். மேட்டில் எடுத்ததை மேட்டிலேயே வைக்க வேண்டுமாம். கன்றுக்கு வனத்துறையில் அவளே சொல்லி வைக்கிறாளாம், மழைக்கு முன் மேட்டில் குழி வெட்டி, கீழே இறங்கிய செம்மண்ணை மேலே ஏற்ற அண்ணன் இருந்தால் போதுமாம். கடப்பாரை இங்கே இருக்கிறது. கீழே கையெழுத்து என்னுடையது அல்ல, மரத்துக்காரியுடையது.

காத்தூன்