கரைவலையைக் கைவிட வைத்த பாட்டு

ஒரு குடும்பத்தில் ஒருத்தி மட்டும் படித்திருந்தால், அவளுக்கு எல்லாம் தெரியும் என்று மற்றவர்கள் நம்பிவிடுவார்கள். அதில் ஆபத்தில்லை. அவளும் அதை நம்பத் தொடங்குவதுதான் ஆபத்து.

எங்கள் வீட்டில் அந்த ஒருத்தி நான். வாப்பா கையெழுத்துக்குப் பெருவிரல் வைப்பவர். மருந்துத் துண்டு வாசிப்பது, பக்கத்து வீட்டு சல்மா சாச்சியின் போன் ஊமையானால் பேச வைப்பது எல்லாம் என் பொறுப்பு. கெம்பஸ் முடித்து, மதுரங்குளியில் வேலையும் கிடைத்த பிறகு என் நடையே மாறிவிட்டது என்று உம்மா சொல்வார். (உண்மைதான். கதவுநிலையில் தலை இடிக்குமோ என்று குனிந்து நடக்கும் அளவுக்கு உயர்ந்துவிட்டதாக நினைப்பு.)

உம்மாவின் நாநா, என் மாமா, இளமையில் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். போன இடமெல்லாம் பாட்டுத் தட்டு வாங்கியவர். பிளேயர் உப்புக்காற்றில் துருப்பிடித்துப் போனது; தட்டுகள் மட்டும் அலுமாரியில் கிடந்தன. நெஞ்சில் ஒப்பரேஷன் முடிந்து எங்கள் வீட்டில் ஓய்வெடுத்தபோது ஒருநாள் சொன்னார்:

"அதில ஒண்ட ஒருக்காக் கேட்டாப் போதும் மகள். வேற ஆசை இல்ல."

"அதுக்கென்ன மாமா, நான் இருக்கன்தானே" என்றேன்.

அன்றிலிருந்து வீடியோ பார்க்கத் தொடங்கினேன். புதிதாகத் தொடங்குபவர் எதை வாங்க வேண்டும் என்று உலகத்தில் எத்தனை பேர் கதைக்கிறார்கள் தெரியுமா? பிளேயரில் இருந்து வரும் ஒலி மிக மெல்லியது, அதைப் பெருக்க ஓர் அம்பிளிபயர் வேண்டும் என்று அவர்கள் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். நான் அந்த இடம் வரும்போதெல்லாம் ஓட்டிவிட்டேன். எனக்கு எந்த நிற மரப்பெட்டி நம் திரைச்சீலைக்குப் பொருந்தும் என்பதே பெரிய ஆராய்ச்சி. கடைசியில் பிளேயர் ஒன்றும் அழகான இரண்டு சின்ன ஸ்பீக்கர்களும் வந்தன. திரைச்சீலைக்கு அப்படிப் பொருந்தின.

ஒரு காலை, வாப்பா மற்ற ஆட்களோடு கரையில் நின்று கரைவலைக் கயிறு இழுக்கப் போன பிறகு, மாமாவைக் கதிரையில் இருத்தி, தட்டைப் போட்டு, ஊசியை வைத்தேன். தட்டு சுற்றியது. சத்தம் இல்லை. ஊசிக்குப் பக்கத்தில் காதை வைத்தால் மட்டும், போத்தலுக்குள் அடைத்த நுளம்பு மாதிரி யாரோ பாடினார்கள்.

"பாட்டு எங்க மகள்?" என்றார் மாமா.

"சூடாக வேணும் மாமா." (எது சூடாக வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. படித்தவள் அல்லவா.)

அப்போதுதான் மூலையில் இருந்த மீனவர் சங்கத்தின் அம்பிளிபயர் கண்ணில் பட்டது. கரைக்குக் கிட்டக் கரண்ட் உள்ள வீடு எங்களுடையது என்பதால் அது எங்கள் வீட்டில் இருக்கும். பள்ளிவாசல் அறிவித்தல் கரை வரைக்கும் கேட்காது. ஆகவே கடல் கொந்தளிப்பு, யாராவது இறந்தால் மவுத்துச் செய்தி, இந்த இரண்டையும் சங்கம் இதில்தான் அறிவிக்கும்.

"அதத் தொடாத. வாப்பா வரட்டும்" என்றார் உம்மா குசினியில் இருந்து.

"உம்மா, நான் கெம்பஸில படிச்சவ."

(வணிகம் படித்தேன்.)

மைக் செருகும் இடத்தில் பிளேயரைச் செருகினேன். பின்பக்கத் திருகுகளில் ஏற்கெனவே ஏதோ வயர் இருந்தது. அது கூரை வழியாகத் தென்னை மரத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய்க்குப் போகிறது என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. அதோடு என் ஸ்பீக்கர் வயரையும் சேர்த்து முறுக்கினேன். ஊசியை வைத்தேன். "டொக், டொக்" என்று வீடே அதிர்ந்தது. பிறகு ஓர் ஆண்குரல் இழுத்து இழுத்துத் துயரத்தோடு எழுந்தது.

எனக்குப் புல்லரித்தது. சத்தம் பெட்டியில் இருந்து வருவது போலவே இல்லை; வானத்தில் இருந்து வருவது போல் இருந்தது. நல்ல ஸ்பீக்கர் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று வீடியோவில் சொன்னார்களே. மாமா காலை நீட்டி, தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டார்.

"இவ பொம்புளையெல்லா பாடினவ" என்று மட்டும் முணுமுணுத்தார்.

முதலில் சல்மா சாச்சி வந்தார். வாசலில் நின்று மாமாவை ஒரு பார்வை பார்த்தார். "இன்னாலில்லாஹி" என்று அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். அவருக்குப் பின்னால் தெருவே வந்தது. சிலர் பாய் கொண்டு வந்தார்கள். யாரோ முன்பக்க ஜன்னலைத் திறந்தார்கள். கடல் அன்று குளம் மாதிரி. அப்படியானால் தென்னை மரத்துக் குழாய் மைக்கைத் தட்டியது போல் தட்டிவிட்டு இழுத்து அழுதது மவுத்துக்குத்தான் என்று ஊர் முடிவெடுத்திருந்தது. எங்கள் வீட்டில் மவுத்தாகும் நிலையில் இருந்தவர் ஒருவர்தான்.

அழுகைச் சத்தத்தில் மாமா கண்ணைத் திறந்தார்.

"ஆரு மவுத்து?"

சாச்சி அலறிய அலறலை இன்றும் என்னால் விவரிக்க முடியாது.

அதற்குள் வாப்பா ஓடி வந்தார். சாரம் நனைந்து, கை தோல் உரிந்து, "மச்சான், மச்சான்" என்று அழுதபடி. வாப்பா அழுது நான் அதற்கு முன் கண்டதில்லை. பின்னால் வலை இழுக்கும் ஆட்கள் அத்தனை பேரும்.

"என்ன மச்சான், கடலில ஆருக்கும் என்னமுமா?" என்றார் மாமா.

வாப்பா அவரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சுற்றிக்கொண்டிருந்த தட்டைப் பார்த்தார். பிறகு என்னை.

"வல?" என்று உம்மா மெதுவாகக் கேட்டார்.

"விட்டுட்டம்" என்றார் ஒருவர். "மவுத்துக் குழா கேட்டாக் கயித்த விட்டுட்டு வாறதுதானே எங்கட வழக்கம். வல நிறையச் சூர மீன், நல்ல பாடு. கரைக்குக் கிட்ட வந்திட்டு."

பல நாளாக வெறும் வலை இழுத்தவர்கள் அவர்கள். ஒருவரும் என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

பகலுக்கு அடுத்த தெருவில் இருந்து மவுத்து வீட்டுச் சோறு சட்டியோடு வந்தது. செய்தி அங்கே போகுமுன் சமைத்துவிட்டார்களாம். மாமா இரண்டு தரம் போட்டுத் தின்றார். நான் சட்டியைக் கழுவிக் கொடுத்தனுப்பினேன். கரையில் நாளும் பொழுதும் "என்ட மகள் படிச்சவ" என்று சொல்லும் வாப்பா, அடுத்த நாள் ஒன்றும் சொல்லாமல் போய், எல்லோருக்கும் பின்னால் கயிற்றின் கடைசியில் நின்று இழுத்தாராம். அதைக் கேட்டபோது, அந்தக் கயிற்றில் நானும் ஒரு கை பிடித்திருந்தால் என்ன என்று தோன்றியது. (வேகம் மாற்றும் பொத்தான் ஒன்று இருப்பதைப் பிறகு கண்டேன். தட்டு மெதுவாகச் சுற்றியதால்தான் ஆண்குரல்; பாடியவர் பெண்தான்.)

இப்போது சங்கத்தில் யார் மவுத்தை அறிவித்தாலும், முதலில் தொண்டையைச் செருமி, "இது பாட்டில்ல" என்று சொல்லிவிட்டுத்தான் பெயரைச் சொல்கிறார்கள். ஊர் முழுக்கத் தலை குனிந்து நிற்கும் நேரத்தில் இரண்டு மூன்று பேர் என் பக்கம் திரும்புவார்கள்.

மாமா நலமாக இருக்கிறார். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார். முடிக்கும்போது ஒரே வசனம்தான்.

"நான் மவுத்தாகக்குள்ள ஒருத்தரும் கயித்த விட வேணாம். எல்லாரும் ஒருக்கா வந்து பாத்திட்டுப் போனவங்கதானே."

எல்லோரும் சிரிப்பார்கள். வாப்பாகூட. நான் தேத்தண்ணிக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு குசினிக்குப் போய்விடுவேன்.